காணியும் கூலியும்: கொள்ளை நோய்க் காலத்துக் காவிரி நாட்டுக் கலைஞர்

தஞ்சை இராசராசேச்சுரத்திற் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்களுள், இரண்டாம் இராசேந்திர சோழனது ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒன்று நாடக வரலாறு ஆராய்வார் யாவரும் அறிந்ததாகும். அக்கோயிலில் வைகாசிப் பெருந்திருவிழாவில் இராசராசேச்சுர நாடகம் ஆடுதற்பொருட்டு, சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விசயராசேந்திர ஆசாரியன் என்பானுக்கும் அவன் வழியினர்க்கும் ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளக்குமாறு அது கூறுகின்றது. தமிழகத்தில் நாடகம் நடிக்கப்பெற்றமைக்குச் சான்றாகவே இக்கல்வெட்டுப் பெரிதும் எடுத்தாளப்படும். அந்நாடகத்தை நடித்தவன் உண்டு வாழ்ந்த முறைக்கும் அது சான்றாதலை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு ஏதுவாயது அண்மைக் கால நிகழ்ச்சியொன்று. சார்வரி யாண்டு வைகாசித் திங்களில், அஃதாவது 2020ஆம் ஆண்டு மே, சூன் திங்களில், கொரோனா என்னும் கொள்ளை நோய் காரணமாக அதே கோயிலின் வாயில் பொதுமக்கட்கு அடைக்கப்பட்டிருந்தது. சோழ நாடெங்கும் தேர் நிலைபெயரவில்லை, மேளம் புறப்படவில்லை, கரகம் எடுக்கப்படவில்லை. ஏறத்தாழத் தொள்ளாயிரத்து அறுபது ஆண்டுகட்கு முன் அத்தகைய நோய் ஒன்று வந்து வைகாசித் திருவிழா நின்றிருக்குமாயின், திருமுதுகுன்றனது நிலை யாதாகியிருக்கும்? 2020இல் அவன் தொழிலைச் செய்தார் நிலை யாதாயிற்று? இவ்விரு வினாக்கட்கும் விடை வேறு வேறாதற்குரிய காரணமே இக்கட்டுரையின் பொருளாகும்.

முதற்கண் சோழர் காலத்து முறையை நோக்குவோம். முதல் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டிற் (கி.பி. 1014) பொறிப்பித்த சாசனம், சோழ மண்டலத்துத் தளிச்சேரிகள் பலவற்றினின்றும் கொணர்ந்து குடியேற்றப்பெற்ற தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரைப் பெயர், ஊர், மனை ஆகியவற்றுடன் குறிக்கின்றது. ஒவ்வொருவர்க்கும் ஒரு மனையும் ஒரு பங்கும் உரியன. ஒரு பங்காவது ஆடவல்லான் என்னும் மரக்காலால் ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல். ஆடல் ஆசிரியர், பாடுவார், வங்கியம், வீணை, உடுக்கை முதலியன இசைப்பார், கணக்கர், தையலார், பொற்கொல்லர் எனப் பலர்க்கும் தொழிலுக்கேற்பப் பங்குகள் வகுக்கப்பட்டன. அன்றியும், திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் நாற்பத்தெண்மர்க்கும் அவரோடு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்பார் இருவர்க்கும் நாளொன்றுக்குத் தலைக்கு முக்குறுணி நெல் அளக்கப்பட்டது.

இவ்விரு வகை ஊதியத்தையும் கணக்கிட்டு ஒப்புநோக்குதல் பயன்தரும். ஒரு கலம் 12 குறுணி. ஒரு குறுணி 8 நாழி. ஆகவே தளிச்சேரிப் பெண் ஒருத்தியின் ஆண்டுப் பங்கு 9,600 நாழி. நாளொன்றுக்கு 26 நாழிக்குச் சிறிது மிகும். திருப்பதியம் பாடுவார் பெற்றது நாளொன்றுக்கு 24 நாழி. ஒன்று ஆண்டுக் கணக்காகவும் மற்றொன்று நாட்கணக்காகவும் கூறப்பட்டிருப்பினும் அளவில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றேயாதல் காண்க. இதனினும் குறிப்பிடத்தக்கது பிறிதொன்று உண்டு. பங்கு பெற்றோருள் ஒருவர் இறப்பினும் புலம்பெயரினும், அவர்க்கு அடுத்த முறையுடையார் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்தல் வேண்டும். அவர் தகுதியுடையரல்லராயின் தகுதியுடைய ஒருவரை அமர்த்தல் வேண்டும் என அச்சாசனம் விதிக்கின்றது. சாக்காட்டை முன்னரே எண்ணி வகுத்த ஏற்பாடு இது. கொள்ளை நோயில் ஒரு மனை வெறுமையுறினும் பங்கு அழியாது.

இத்தகைய உரிமையைக் காணி என்பர். நட்டுவக்காணி, உவச்சக்காணி, சாக்கைக்காணி என வருவன எல்லாம் இவ்வினத்தனவே. திருவாவடுதுறையில் ஆரியக்கூத்தின் ஏழு அங்கமும் ஆடுதற்குச் சாக்கை ஒருவனுக்கு நிலம் விடப்பட்டமை அவ்வூர்க் கல்வெட்டாற் புலனாகின்றது. நாயக்கர் காலத்தும் இம்முறை மறைந்திலது. அச்சுதப்ப நாயக்கர் ஐந்நூற்றுப் பத்துக் குடும்பங்கட்கு மனையும் நிலமும் வழங்கியதால் எழுந்த ஊரே மெலட்டூர் என்பது அவ்வூர் வழக்கு. அங்கு வழங்கும் பாகவத மேளம் அக்கொடையின் நிழலில் வளர்ந்ததாகும். காணியின் இயல்பு யாதெனின், கலைஞன் ஆடிய நாளுக்கு அன்று, அவன் ஆடவல்லவனாய் அவ்வூரில் வாழ்தற்கு நெல் அளப்பதாம். திருவிழா ஓராண்டு நிற்பினும் வயல் விளையுமாயின் பங்கு உண்டு.

இங்ஙனங் கூறுவதனால் பண்டைய முறையைப் பொற்காலமென்று யாம் புகழ்வதாகக் கொள்ளற்க. வயல் விளையாத காலத்து அம்முறையும் காவாது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், கி.பி. 1201ஐ ஒட்டி, பஞ்சத்தால் வருந்திய வேளாளன் ஒருவன் தன்னையும் தன் மகளிர் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டமையைத் திருப்பாம்புரக் கல்வெட்டுக் கூறும். அதே திருப்பாம்புரம் பிற்காலத்தில் நாகசுரக் கலைஞர்க்கும், புல்லாங்குழல் வல்ல சுவாமிநாத பிள்ளைக்கும் பிறப்பிடமாயிற்று. மற்றும், காணி எல்லாக் கலைஞர்க்கும் உரியதாயிருந்ததென்பதற்கும் இடமில்லை. தஞ்சைச் சாசனங்களில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இறையிலி நிலமாகக் குறிக்கப்படுகின்றன; அங்கு வாழ்ந்தாருள் பறை முழக்கியவர் பெயர் தளிச்சேரிப் பட்டியலில் இடம்பெற்றிலது. களத்துமேட்டில் ஊர்ப்பணியாளர்க்கு அளக்கப்பட்ட நெல்லே பிற்காலத்தில் அவர் போல்வார்க்குக் கிடைத்த பங்கு. தளிச்சேரிப் பெண்டிரும் தம் விருப்பால் தஞ்சைக்கு வந்தனர் எனல் இயலாது. காணி உணவளித்தது, அது மக்களைக் கட்டியும் வைத்தது.

அக்கட்டு அவிழ்ந்த வரலாறு நீண்டது. 1855இல் மராட்டிய மன்னர் சிவாசி ஆண்வழி மரபின்றி மறைய, கும்பினியார் அரசைக் கைக்கொண்டனர். அரண்மனைக் கலைஞர் பலர் சென்னைக்கும் பிற சமத்தானங்கட்கும் பெயர்ந்தனர். 1929இல் சென்னை இந்து அறநிலையச் சட்டத்திற்குச் செய்யப்பட்ட திருத்தம், தேவதாசியர் துய்த்த இனாம் நிலங்களைக் கோயிற் பணியினின்றும் விடுவித்தது. 1947இல் பொட்டுக்கட்டுதல் சட்டத்தால் ஒழிந்தது. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தாற் சிறு இனாம்கள் ஒழிந்து இரயத்துவாரி நிலங்களாயின. இவையனைத்தும் வெவ்வேறு நோக்கத்தான் எழுந்தன, பெரும்பாலான நன்னோக்கத்தனவே. எனினும் இவற்றின் விளைவொன்று பொதுவாயிற்று. கலைஞனுக்கும் நெல்லுக்கும் இடையே இருந்த நேர்த்தொடர்பு அற்றது. இனி அவன் பெறுவது பங்கன்று. நிகழ்ச்சிக்கு இவ்வளவென்று பேசி, அச்சாரம் வாங்கி, ஆடிய பின் பெறும் கூலியாகும்.

கூலி இழிந்ததென்று கருதற்க. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898-1956) போன்ற பெருங்கலைஞர், கோயிலும் மடமும் கடந்து, கிராமபோன் இசைத்தட்டாலும் வானொலியாலும் கச்சேரி மேடையாலும் நாகசுரத்திற்கு நாடெங்கும் மதிப்புத் தேடியது இக்கூலிக் காலத்திலேயாம். ஓர் ஊர்க் கோயிலின் ஏவலுக்குக் கட்டுப்பட்டவர் அங்ஙனம் உயர்தல் அரிது. ஆயின் கூலிமுறை ஒன்றையே நம்பி நிற்பது. அது மக்கட் கூட்டம். கூட்டம் கூடாதவழிக் கூலி இல்லை.

இனி, கூட்டத்திற்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு பற்றிய சட்ட வரலாறு சிறிது கூறுவேம். 1866இல் கான்சுடாண்டிநோபிள் நகரிற் கூடிய பன்னாட்டு நலவழி மாநாடு, இந்தியத் திருவிழாக் கூட்டங்களையும் தலப்பயணத்தையும் வாந்திபேதி பரவுதற்குப் பெருங்காரணங்களாகச் சுட்டியது. பம்பாயிற் பரவிய பிளேக்கு நோய் காரணமாக 1897இல் கொள்ளை நோய்ச் சட்டம் இயற்றப்பெற்றது. 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்திற் சந்தைகளும் திருவிழாக்களும் பற்றித் தனிப்பகுதி உண்டு. 2020இல் இவ்விரு சட்டங்களும், 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் ஒருங்கே பயன்பட்டன. இச்சட்டங்கள் கூட்டத்தைக் காணும். கூட்டத்தின் நடுவே நின்று தவில் வாசிப்பவனைத் தனியே காணா. சட்டத்தின் கண்ணில் அவனும் கூட்டத்தில் ஒருவனே.

சட்டத்திற்கு முற்பட்ட ஊர் வழக்கு வேறாயிருந்தது. அம்மை நோய் பரவிய காலத்து ஊரார் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி விழா எடுப்பர். காப்புக் கட்டிய பின் ஊரை விட்டு வெளியூரில் இரவு தங்கலாகாது என்பது பல ஊர்களில் விதி. அதுவும் ஒருவகை ஊரடங்கே. ஆயின் அவ்வடக்கத்தினுள்ளே பறையும் பம்பையும் உடுக்கையும் முழங்கும், கரகம் ஆடும். நோய் வந்த காலம் கலைஞர்க்கு வேலையற்ற காலமன்று, வேலை மிகுந்த காலமாகும். அம்மை நோய் இந்தியாவில் 1975இல் ஒழிந்தது. உலகினின்று ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பெற்றது. நோய் ஒழிந்த பின்னரும் விழா நின்றிலது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு வலங்கைமான் மகாமாரியம்மன் கோயிற் பாடைக் காவடி விழாவாகும். கொடிய நோயினின்று பிழைத்தோர் நேர்த்திக்கடனாகப் பச்சை மூங்கிற் பாடையிற் பிணம்போற் படுப்பர். பிணத்திற்குச் செய்யும் கோலம் அனைத்தும் செய்யப்பெறும். முன்னே ஒருவர் தீச்சட்டி ஏந்துவார். பறை சாவுமேளமாகவே முழங்கும். சுற்றத்தார் தோள்மேற் சுமந்து கோயிலை வலம்வந்து இறக்க, படுத்தவர் உயிருடன் எழுவர். சாவுக்கு அடிக்கும் அடியே பிழைத்தவர்க்கும் அடிக்கப்படுதல் இவ்விழாவின் தனித்தன்மை. இது பங்குனித் திங்கள் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது. 2020இல் அந்நாள் மார்ச்சு 22. அன்றே காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை நாட்டு மக்கள் அனைவரும் வீட்டினுள் அடங்கியிருத்தல் வேண்டுமென்று இந்திய அரசு கேட்டுக்கொண்டிருந்தது. நோயினின்று மீண்டோர் எழுந்து நடக்கும் நாளும், புதிய நோய்க்கு அஞ்சி நாடு அடங்கிய நாளும் ஒன்றாயின.

மார்ச்சு 24ஆம் நாள் மாலை தமிழகத்தில் 144 தடையாணையும், 25 முதல் நாடெங்கும் ஊரடங்கும் வந்தன. பங்குனி 12ஆம் நாள் அது. ஊரடங்கு எத்தனை நாள் நீடித்தது என்பதினும் எந்நாளில் தொடங்கியது என்பதே காவிரி நாட்டுக் கலைஞர்க்கு முதன்மையானது. சம்பா அறுவடை தையிலும் மாசியிலும் முடியும். நெல் வீடு சேர்ந்த பின்னரே ஊர்கள் விழா எடுக்கும். மாசி மகம் தொடங்கிப் பங்குனி உத்திரம், சித்திரைத் தேர், வைகாசி விசாகம், ஊர்தோறும் மாரியம்மன் விழா, இடையிடையே திருமணங்கள் என ஆடி முடியும் வரை மேளகாரர்க்கு ஓய்வில்லை. ஆடியில் திருமணம் இல்லையாயினும் அம்மன் விழா உண்டு. ஆவணித் திருமணங்களுக்குப் பின் புரட்டாசி வந்தால் அச்சாரம் அருகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். மார்கழியில் திருமணம் இல்லை. ஆறு திங்களில் ஈட்டியதைப் பன்னிரு திங்கள் உண்பதே அவர் வாழ்க்கை. பங்குனியில் தொடங்கிய அடைப்பு, நாளளவிற் குறைந்ததாயினும், ஆண்டு முழுவதையும் உண்டுவிடும்.

1918ஆம் ஆண்டின் இன்புளுயன்சாக் காய்ச்சலோடு இதனை ஒப்பிடலாம். அது சூன் திங்களிற் பம்பாயிற் பரவத் தொடங்கி, புரட்டாசி முதற் கார்த்திகை வரையுள்ள காலத்திற் சென்னை மாகாணத்தில் உச்சங்கொண்டது. இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1911க்கும் 1921க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் நாட்டின் மக்கட்டொகை பெருகாது சிறிது சுருங்கிற்று. உயிர்ச்சேதத்தில் 2020ஆம் ஆண்டு நோயினும் அது பன்மடங்கு கொடியது. ஆயினும் அது சோணாட்டிற்கு வந்தது நடவுக்கும் மழைக்கும் உரிய காலத்தில். மாயூரத்துத் துலா முழுக்கும் சிக்கற் கந்தர் சட்டியும் போல்வன சிலவற்றை நீக்கினால் மேளம் ஓய்ந்திருக்கும் காலம். நாடு முழுவதும் ஒருங்கே கூட்டங்களைத் தடுத்த ஆணையும் அந்நாளில் இல்லை. அந்நோய் கலைஞனது உடலைத் தாக்கியது; 2020ஆம் ஆண்டு நோய் அவனது பஞ்சாங்கத்தைத் தாக்கியது.

இலண்டன் நகரில் 1592 முதல் 1594 வரை பிளேக்கு நோயால் நாடக அரங்குகள் பெரும்பாலும் அடைபட்டிருந்தன. நடிகர் குழுக்கள் நாட்டுப்புற ஊர்கட்குச் சென்று நடித்துப் பிழைத்தன. சேக்சுபியர் நீண்ட கவிதைகள் எழுதிப் பிரபு ஒருவர்க்கு உரிமையாக்கினார். 2020இல் நம் கலைஞர் செல்லுதற்குத் திறந்திருந்த ஊர் ஒன்றும் இல்லை.

அடைப்புக்குச் சிறிது முன்னர்ப் பெருங்கூட்டம் ஒன்றைத் தஞ்சை கண்டிருந்தது. 2020 பிப்ரவரி 5இல், 23 ஆண்டுகட்குப் பின், பெரிய கோயிற் குடமுழுக்கு நிகழ்ந்தது. அடுத்த திங்களிலேயே வாயில் அடைந்தது. மே 6இல் வந்த நரசிம்ம செயந்தியன்று மெலட்டூர் மேடை முன் மக்கள் கூட இயலவில்லை. திருமணத்திற்கு ஐம்பதின்மர், இறுதிச் சடங்கிற்கு இருபதின்மர் என வரையறை வந்தது. இவ்வெண்ணிக்கையுள் உறவினர் போக எஞ்சியது சிறிது. நாகசுரம் இரண்டும் தவில் இரண்டும் சுருதியும் தாளமும் கொண்ட முழுமேளத்திற்கு இடமேது? தப்பாட்டக் குழு பெரும்பாலும் எட்டுப் பத்துப் பேர் கொண்டது. சாவுக்கும் வாழ்வுக்கும் ஒருங்கே உரிய அக்கருவி இரண்டு வாயிலிலும் நின்றுபோயிற்று. நாகசுரக்காரர்க்கு வேறோர் இடரும் உண்டு. மூச்சின் வழிப் பரவும் நோய்க்காலத்தில் மூச்சாலேயே இயங்கும் கருவி அவருடையது. முகக் கவசம் அணிந்து அதனை வாசித்தல் இயலாது.

கோயில்கள் செப்டம்பர் 1இல் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டன. ஆயின் புறப்பாடும் தேரும் முன்போல் இல்லை. அக்டோபர் 26இல் இராசராசனது சதய விழா ஒரு நாள் அளவாகச் சுருங்கியது. வேளாங்கண்ணிப் பெருவிழா திருப்பயணியர் இன்றியே நிகழ்ந்தது. மார்ச்சு 17இல் மூடிய திரையரங்குகள் நவம்பர் 10இல் பாதி இருக்கைகளோடு திறந்தன. திரைத்தொழிலின் இழப்பு நாளிதழ்களில் விரிவாகப் பேசப்பட்டதாதலின் ஈண்டு விரித்திலம்.

2021இன் தொடக்கத்தில் நிலை சிறிது தேறியது. அவ்வாண்டுப் பங்குனி விழாக்களுக்கு மீண்டும் அச்சாரங்கள் வரலாயின. ஏப்ரல் 6இல் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்தது. அதற்கு முந்திய வாரங்களிற் கட்சிக் கூட்டங்களில் தப்பும் கரகமும் வரவேற்பில் முன்னின்றன. ஏப்ரல் 10 முதல் திருவிழாக்களுக்குத் தடை வந்தது. நான்கு நாள் இடைவெளியில் வந்த இவ்விரண்டையும் கலைஞர் ஒப்புநோக்காதிருப்பரோ? தமிழகத்து மாவட்டங்கள் பலவற்றில் அவர்கள் தம் கருவிகளுடன் ஆட்சியர் அலுவலகம் சென்று முறையிட்டனர். மே 10 முதல் முழு ஊரடங்கு மீண்டும் வந்தது. பங்குனியிலிருந்து ஆடி வரையுள்ள பருவம் இரண்டாம் முறையும் கழிந்தது. தடை தவறென்பது எம் கருத்தன்று. தமிழகத்தில் மட்டும் 38,000க்கு மேற்பட்டோர் இந்நோயால் இறந்ததாகப் பதிவாகியுள்ளது. எம் வினா, அத்தடையின் சுமை யார் தோள்மேல் விழுந்தது என்பதே.

இவ்விடத்து வேளாண்மையின் நிலையை நோக்கல் வேண்டும். ஊரடங்கு தொடங்கிய சில நாளிலேயே உழவுத் தொழிலுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2012 முதல் 2019 வரை எட்டாண்டுகள் உரிய நாளில் திறக்கப்படாதிருந்த மேட்டூர் அணை, 2020 சூன் 12இல் உரிய நாளிலேயே திறக்கப்பட்டது, 2021லும் அவ்வாறே. காவிரி கடைமடை வரை ஓடியது. குறுவை வழக்கத்தினும் மிகுந்த பரப்பில் நடப்பட்டது. கொள்முதல் நிலையங்களின் வாயிலில் நெல் குவிந்தது. வயலுக்குக் குறையில்லாத அவ்விரண்டு ஆண்டுகளிலேயே அவ்வயல் சூழ்ந்த ஊர்களில் நாகசுரமும் தப்பும் உறைக்குள் கிடந்தன. அவற்றை வாசிப்போர் கட்டட வேலைக்கும் நடவுக்கும் சென்றனர். இராசராசன் வகுத்த முறையில் இத்தகைய முரண் நிகழ்தற்கு இடமில்லை. நெல் விளைந்தால் திருமுதுகுன்றனுக்கு 120 கலம் உண்டு. பஞ்சமே அவனை அஞ்சுவிக்கும். ஊரடங்கு அவனை அஞ்சுவியாது. 2020இன் கலைஞனுக்கோ பஞ்சமின்றியே பசி வந்தது.

அரசு வாளாவிருந்திலது. 2007இல் அமைக்கப்பெற்ற நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்திற் பதிந்தோர்க்கு 2020இல் உரூ. 1,000 உதவித்தொகை வழங்கப்பட்டது. பதியாதோர்க்கு அது எட்டவில்லை. 2021 சூனில், நிலையான மாதச் சம்பளமின்றிக் கோயில்களிற் பணிசெய்யும் அருச்சகர், பூசாரி முதலியோர்க்கு உரூ. 4,000 பணமும் 10 கிலோ அரிசியும் 15 வகை மளிகைப் பொருளும் அளிக்க ஆணையாயிற்று. கோயிற் பணியாளர்க்கு அரிசி அளத்தல் என்னும் பழைய செயல், பெயரளவிலேனும், அவ்வாணையில் மீண்டும் தலைகாட்டுதல் நோக்கத்தக்கது. ஆயின் சாசனத்து நெல் உரிமை; இவ்வரிசி உதவி. முன்னது கல்லிற் பொறிக்கப்பட்டு வழிவழி வருவது. பின்னது ஒருமுறை தந்து முடிவது.

மாதச் சம்பளம் பெற்ற கோயில் மேளகாரர் சிலர்க்கு இவ்விடர் பெரிதும் இல்லை. கதவடைத்த கோயிலினுள்ளும் காலப் பூசை நின்றிலதாதலின் அவர் பணியும் ஊதியமும் தொடர்ந்தன. ஆனால் மல்லாரி புறப்பாட்டிற்கு உரியது. இறைவன் வாயில் கடவாதவழி அதற்கு இடமில்லை. தெருவே மேடையாகக் கொண்ட இசை அது. சென்னைச் சபைகள் 2020 மார்கழியில் தம் கச்சேரிகளை இணையவழி நடத்தின. வீட்டினுள் அமர்ந்து கேட்கும் இசைக்கு அது ஓரளவு பொருந்தும். நான்கு வீதியும் சுற்றி, தேரடியில் நின்று, நள்ளிரவு வரை இராகம் விரிக்கும் மேளத்தையும், மண் அதிர ஆடும் தப்பாட்டத்தையும் எந்தத் திரையில் அடக்குவது?

மெலட்டூர்ப் பாகவதர்களின் நிலை இதனின் வேறு. அவர்கள் பல ஊர்களிற் பிற தொழில் செய்து வாழ்பவர். நரசிம்ம செயந்திக்கு ஊர் திரும்பிப் பிரகலாத சரித்திரம் ஆடுவது அவர்க்கு வழிபாடு. அவர் இழந்தது நோன்பு, ஊதியமன்று. திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையும் அத்தகையதே. பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878-1952) தம் பொருளைச் செலவிட்டு எடுப்பித்த சமாதிக் கோயிலின் முன், பாடகர் ஊதியம் கருதாது பாடுவது அங்கு மரபு. 175ஆம் ஆராதனை 2022 சனவரி 22இல் ஒரே நாளில் முடிக்கப்பெற்றது. வழக்கமாக ஐந்து நாள் நிகழும் விழா அது. பாடகர்க்கு அதனால் மனக்குறை உண்டாயிருக்கும். வயிற்றுக் குறை இல்லை. ஆராதனைப் பந்தலைச் சுற்றிக் கடை விரிப்பார்க்கே அது வயிற்றுக் குறை. ஆகவே நிகழ்கலை அனைத்தும் ஒருபடித்தாய்ப் பாதிக்கப்பட்டன எனல் பொருந்தாது. புகழ்மிக்க மேடையில் இழப்பு மனத்தளவில் நின்றது. ஊர்த் தெருவில் அது உணவிற் புகுந்தது.

கருவி செய்வாரையும் மறத்தலாகாது. ஆச்சா மரத்தில் நாகசுரம் கடையும் நரசிங்கம்பேட்டை ஆசாரியரும், காவிரிக் கரைக் கொறுக்கைத் தட்டையிற் சீவாளி செய்வாரும், தஞ்சையில் வீணை செய்வாரும் திருவிழாவில் நேரே பங்குகொள்வாரல்லர். எனினும் மேளகாரன் கையில் அச்சாரம் இல்லையேல் புதுக் கருவி வாங்குவார் இல்லை. நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்குப் புவிசார் குறியீடு 2022 மார்ச்சில் கிடைத்தது. அவ்வாண்டுச் சித்திரைத் திருவிழாவில் தஞ்சைப் பெரிய கோயில் தேர் ஈராண்டு கழித்து மீண்டும் ஓடிற்று.

இவ்வாராய்ச்சிக்கு இனி வேண்டுவது கல்வெட்டன்று. மேளகாரர் ஒவ்வொருவரும் தாம் தேதி கொடுத்த நிகழ்ச்சிகளை எழுதிவைக்கும் நாட்குறிப்பு உண்டு. ஊர், நாள், பேசிய தொகை, பெற்ற அச்சாரம் ஆகியன அதிற் காணப்படும். விகாரி, சார்வரி, பிலவ ஆகிய மூன்றாண்டின் குறிப்புக்களைப் பெரிய மேளத்தாரிடமும் தப்பாட்டக் குழுவினரிடமும் கரகாட்டக்காரரிடமும் திரட்டி ஒப்புநோக்கின், அடித்துவிட்ட தேதிகள் எத்தனை, திருப்பிக் கொடுத்த அச்சாரம் எவ்வளவு என ஊர்தோறும் கணக்கிடலாம். அக்குறிப்பேடுகள் காகிதத்தாலானவை, ஆண்டுதோறும் புதியது வாங்கிப் பழையது எறியப்படுவது. முதுகலை மாணாக்கர் இப்பணியை இப்பொழுதே மேற்கொள்ளுதல் வேண்டும்.